ஹோம்ஸை விடுங்கள், பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள்

ஷெர்லாக் ஹோம்ஸ்தான் கதை உலகின் முதல் துப்பறிவாளரா, அவருக்கு முன்னால் யாராவது உண்டா, அந்தப் பழைய கதைகளை இன்று உட்கார்ந்து படிக்க முடியுமா, முடியும் என்றால் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: ஹோம்ஸ் முதல் ஆள் இல்லை. அவர் அச்சேறியது 1887 கடைசியில். அதற்கு 46 வருஷம் முன்பே, 1841 ஏப்ரலில், பிலடெல்பியாவிலிருந்து வந்துகொண்டிருந்த கிரஹாம்ஸ் மேகசின் என்ற மாத இதழில் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 'ரூ மோர்க் கொலைகள்' என்ற கதையை எழுதினார். அந்த இதழில் அவரே ஆசிரியர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். கதைக்குக் கிடைத்தது 56 டாலர்.

மேலே போவதற்கு முன் ஓர் உறுதிமொழி. எந்தக் கதையிலும் கொலையாளி யார், திருடன் யார் என்று சொல்ல மாட்டேன். கல்லூரி நாட்களில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு நாவலில், பாத்திரம் அறிமுகமாகிற இடத்திலேயே பெயருக்குக் கீழே கோடு போட்டு 'இவன்தான்' என்று பென்சிலால் எழுதிவைத்திருந்தார் ஒரு புண்ணியவான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

சரி, போவின் கதை. பாரிஸில் ஒரு நான்காவது மாடி அறை. உள்ளே தாழிட்டிருக்கிறது. அம்மாவும் மகளும் கோரமாகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். மகளின் உடல் புகைபோக்கிக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் வங்கியிலிருந்து எடுத்துவந்த 4000 பிராங்க் அப்படியே கிடக்கிறது. போலீஸ் வழக்கம்போல் ஓர் அப்பாவியை, அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்த வங்கிக் குமாஸ்தாவை, பிடித்து உள்ளே போட்டுவிடுகிறது. கதவை உடைக்க மாடிப்படி ஏறிய அக்கம்பக்கத்தார் எல்லாரும் உள்ளே இரண்டு குரல்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒன்று கரகரப்பான பிரெஞ்சுக் குரல், அதில் சந்தேகம் இல்லை. இன்னொன்று கீச்சென்ற குரல். அது என்ன மொழி? பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஸ்பானிஷ் என்கிறார். டச்சுக்காரர் பிரெஞ்சு என்கிறார். ஆங்கிலேயர் ஜெர்மன் என்கிறார், ஸ்பெயின்காரர் ஆங்கிலம் என்கிறார், இத்தாலியர் ரஷ்யன் என்கிறார். ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாத ஒரு மொழியின் பெயரைச் சொல்கிறார்! இந்த வாக்குமூலங்களை வாங்கிய போலீசுக்கு இது குழப்பம். செய்தித்தாளில் அவற்றைப் படிக்கும் துப்பான் என்கிற இளைஞனுக்கு இதுதான் விடை. இந்த ஒரு தடயத்துக்காகவே அந்தக் கதையைப் படிக்கலாம், அத்தனை சுத்தமான தடயம். (துப்பான் என்ற பெயரில் நம் 'துப்பு' இருப்பது தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.) முடிவு சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கும் முதல் தடவை 'அட, இதுவா' என்றுதான் இருந்தது.

பூட்டிய அறை, தப்பாகப் பிடிபட்ட அப்பாவி, சுற்றிச்சுற்றி வரும் போலீஸ், எல்லாரையும்விட ஒரு படி மேலே யோசிக்கும் விசித்திரமான ஆள், கடைசியில் நிதானமாக ஒரு விளக்கம் என்று இந்த வகைக் கதையின் சாமான்கள் எல்லாம் முதல் கதையிலேயே வந்துவிட்டன, ஆனால் போவின் பெரிய கண்டுபிடிப்பு இவற்றில் எதுவும் இல்லை என்பது என் கட்சி. அவர் உண்மையில் கண்டுபிடித்தது துப்பானின் நண்பனை. பெயர்கூட இல்லாத ஆள். ஒரு நூலகத்தில் இரண்டு பேரும் ஒரே அபூர்வப் புத்தகத்தைத் தேடப்போய்ப் பழக்கமாகிறார்கள், ஒரு பாழடைந்த வீட்டில் சேர்ந்து குடியிருக்கிறார்கள், பகலில் ஜன்னலைச் சாத்தி மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி தெருவில் சுற்றுகிறார்கள். கதையைச் சொல்வது இந்த நண்பன்தான். இவன் எதற்கு? துப்பானே கதை சொன்னால் தான் நினைப்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும், இரண்டாம் பக்கத்தில் கதை முடிந்துவிடும். ஆசிரியரே எல்லாம் தெரிந்தவராக நின்று சொன்னால், தெரிந்தும் மறைக்கிறார் என்று நமக்குக் கோபம் வரும். நண்பன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். கல்யாண வீட்டில் என்ன சண்டை என்று ஒரு குழந்தையிடம் கேட்டால் யார் எழுந்து போனார்கள், யார் தட்டைத் தள்ளினார்கள் என்று வரிசையாக ஒப்பிக்கும், ஆனால் ஏன் என்று அதற்குத் தெரியாது. அதேபோல் பார்த்ததையெல்லாம் பொய்யில்லாமல் சொல்லிவிடுகிறான், பொருள் மட்டும் அவனுக்குப் புரியவில்லை. மறைப்பும் நடக்கிறது, ஏமாற்றும் இல்லை. இதற்குப் பிறகு வந்த நல்ல துப்பறியும் கதைகளை எடுத்துப் பாருங்கள், எல்லாரும் இந்த இடத்தில்தான் கைவைத்திருப்பார்கள்.

போவுக்கே இதில் பெரிய மயக்கம் ஒன்றும் கிடையாது. 1846இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அவிழ்ப்பதற்கென்றே தானே போட்ட முடிச்சைத் தானே அவிழ்ப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

அமெரிக்கர் எதற்குப் பாரிஸில் கதையை வைத்தார் என்று தோன்றும். அன்றைக்கு அமெரிக்காவில் துப்பறியும் போலீஸ் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நியூயார்க்குக்கே முழுநேர போலீஸ் படை 1845இல்தான் வந்தது. லண்டனில் 1829இலேயே போலீஸ் வந்துவிட்டாலும் துப்பறிவதற்கென்று தனிப்பிரிவு 1842இல்தான், அதுவும் மொத்தம் 8 பேர். பாரிஸில் மட்டும் விடோக் இருந்தார். பழைய குற்றவாளி, சிறையிலிருந்து தப்பியவர், பிறகு போலீஸுக்கே தகவல் சொல்லி, அங்கேயே ஒரு பிரிவுக்குத் தலைவராகி, 1828இல் தன் அனுபவங்களைப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். ஐரோப்பா முழுக்க அது பரவியது. துப்பான் அவரையும் விட்டுவைக்கவில்லை. விடோக் நன்றாக ஊகிப்பார், ஆனால் பொருளைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், அதனால் முழுசாகத் தெரியாது என்று ஒரு குத்து குத்துகிறார். பின்னாளில் ஹோம்ஸ் இதே மரியாதையைத் துப்பானுக்குச் செய்கிறார், அது வேறு.

போ துப்பானை வைத்து இன்னும் இரண்டு கதைதான் எழுதினார். 'மரி ரோஜே' நியூயார்க்கில் 1841 ஜூலையில் ஹட்சன் ஆற்றில் பிணமாகக் கிடைத்த மேரி ராஜர்ஸ் என்ற சுருட்டுக்கடைப் பெண்ணின் உண்மை வழக்கு. ஊரைப் பாரிஸாகவும் ஆற்றை சேன் நதியாகவும் மாற்றி, செய்தித்தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு துப்பானை யோசிக்கவைத்தார். வழக்கு கடைசிவரை தீரவில்லை. கதையும் படிக்கப் படிக்க நீளும், விட்டுவிடலாம். மூன்றாவது, 1844இல் வந்த 'தி பர்லாயின்ட் லெட்டர்', அதாவது களவுபோன கடிதம், வேறு ரகம். ஒரு மந்திரி அரண்மனைப் பெண்மணியின் கடிதத்தைத் திருடிவிட்டார், திருடியவர் யார் என்பது முதல் பக்கத்திலேயே எல்லாருக்கும் தெரியும், கடிதம் எங்கே என்பதுதான் கேள்வி. போலீஸ் தலைவர் மூன்று மாதமாக மந்திரி வீட்டை ராத்திரி ராத்திரி சலித்துவிட்டார். மெத்தையில் ஊசி குத்தியாயிற்று, நாற்காலிக் கால்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று. துப்பான் இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறார். நாம் புளியங்கொட்டையைக் கையில் மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா விளையாடுவோமே, அதே விளையாட்டு, அங்கே கோலிக்குண்டு. எட்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்தில் இருக்கிற குண்டையெல்லாம் ஜெயித்துவிடுகிறான். எப்படி? எதிரில் இருப்பவன் எவ்வளவு மக்கு என்று முதலில் கணக்குப் போடுகிறான். போலீஸ் தலைவரோ தான் ஒளித்துவைத்தால் எங்கே ஒளித்துவைப்பாரோ அங்கேதான் தேடிக்கொண்டிருக்கிறார். துப்பான் கடிதத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் 50,000 பிராங்குக்கு செக் எழுதி வாங்கிக்கொள்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அடுத்து நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்'. 1868 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வந்தது. இதைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஓர் உண்மைக் கொலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாவலின் முதுகெலும்பு அங்கிருந்து வந்தது.

1860 ஜூன் கடைசியில், இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் ரோடு என்ற ஊர். வசதியான குடும்பம். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு சாவில் கென்ட் என்ற, நான்கு வயதுகூட நிரம்பாத பிள்ளை தொட்டிலிலிருந்து காணாமல் போகிறான். தோட்டத்துக் கழிப்பறைக் குழியில் கழுத்தறுபட்டுக் கிடைக்கிறான். வெளியாள் வந்ததற்கு அடையாளம் இல்லை. இரண்டு வாரம் கழித்து லண்டனிலிருந்து ஜாக் விச்சர் வருகிறார், 1842இல் சேர்ந்த அந்த எட்டுப் பேரில் ஒருவர். அவர் பிடித்துக்கொண்டது சலவைக் கணக்கை. 16 வயது கான்ஸ்டன்ஸுக்கு, செத்த பிள்ளையின் மூத்த தாரத்து அக்கா அவள், மூன்று இரவு உடைகள் இருக்க வேண்டும், இரண்டுதான் இருக்கின்றன. மூன்றாவது எங்கே? விச்சர் அவளைக் கைது செய்தார். ஒரு சாதாரண வீட்டிலிருந்து வந்த போலீஸ்காரன் கனவான் வீட்டுப் பெண்ணின் உள்ளாடையைப் பற்றிக் கேள்வி கேட்பதா என்று ஊர் கொதித்தது, பத்திரிகைகள் கிழித்தன, அவளை விட்டுவிட்டார்கள், விச்சரின் பெயர் கெட்டதுதான் மிச்சம். ஐந்து வருஷம் கழித்து, 1865இல், அவளே வந்து நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டாள். தூக்கு ஆயுளாகக் குறைந்தது, 20 வருஷம் சிறை, பிறகு வேறு பெயரில் ஆஸ்திரேலியாவில் நர்ஸாக வாழ்ந்து 1944இல் நூறு வயதில் இறந்தாள். கதையாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

காலின்ஸ் இந்த இரவு உடையை அப்படியே எடுத்துக்கொண்டார், ரத்தக்கறைக்குப் பதில் பெயின்ட் கறை. ஒரு பெண்ணின் பிறந்தநாள் ராத்திரி அவள் அறையிலிருந்து மஞ்சள் வைரம் காணாமல் போகிறது. அவள் அறைக் கதவில் புதிதாக அடித்த, இன்னும் காயாத பெயின்ட் ஓர் இடத்தில் அழிந்திருக்கிறது. யார் துணியில் அந்தக் கறை? லண்டனிலிருந்து சார்ஜென்ட் கஃப் வருகிறார். ஒல்லியான, வயதான, கொலை கொள்ளையைவிட ரோஜாச் செடி வளர்ப்பதைப் பற்றித் தோட்டக்காரரோடு சண்டை போடுவதில் அதிக ஆர்வம் உள்ள மனிதர். அவரும் வந்தவுடன் கேட்பது சலவைக் கணக்குப் புத்தகம். பெரிய வீட்டின் கதவு மூடிக்கொள்வதையும், வேலைக்காரர்கள்மேல் சந்தேகம் எத்தனை சுலபமாக விழுகிறது என்பதையும் காலின்ஸ் எழுதியிருக்கும் விதம் இன்றைக்கும் சுடும்.

அந்த வைரம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குக் கொஞ்சம் நெருக்கமான விஷயம். 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு கொல்லப்பட்ட நாள். கோட்டைக்குள் நடந்த கொள்ளையில் ஓர் ஆங்கிலேய அதிகாரி ரத்தக் கையோடு அதை எடுத்துக்கொள்வதில்தான் நாவல் தொடங்குகிறது. சந்திர சாமியின் நெற்றியில் இருந்த கல், அதைத் தேடிக் கடல் கடந்து வரும் மூன்று பிராமணர்கள் என்பதெல்லாம் அந்தக் காலத்து ஆங்கிலேயக் கற்பனைதான், அதில் அசட்டுத்தனமும் உண்டு. ஆனால் 1857 சிப்பாய்க் கிளர்ச்சி நடந்து பதினோரு வருஷத்தில், இந்தியன் என்றாலே ராட்சசன் என்று அங்கே எழுதிக்கொண்டிருந்த சமயத்தில், முதல் திருடன் எங்கள் ஆங்கிலேயன்தான் என்று ஓர் ஆங்கிலேயர் முதல் அத்தியாயத்திலேயே எழுதினாரே, அதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது பழைய விஷயத்துக்கு வருகிறேன், கதை சொல்பவர் யார் என்பதற்கு. போ ஒரு நண்பனை வைத்தார். காலின்ஸ் நீதிமன்றம் மாதிரி ஒரு சாட்சிப் பட்டியலையே வைத்துவிட்டார். ஒவ்வொருவரும் தனக்கு நேரில் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும், பின்னால் தெரிந்துகொண்டதை முன்னால் சொல்லக் கூடாது என்பது நாவலுக்குள்ளேயே போடப்பட்ட நிபந்தனை. முதலில் எழுதுவது பெட்டெரெட்ஜ் என்ற எழுபது தாண்டிய வீட்டு நிர்வாகி. அவருக்கு ராபின்சன் குருசோதான் வேதம். மனக்கஷ்டம் வந்தால் அதைப் பிரித்து வந்த பக்கத்தைப் படித்துக் குறி பார்ப்பார், நம் பக்கம் தேவாரத்தில் கயிறு சாத்திப் பார்ப்பார்களே, அச்சாக அதேதான். அடுத்து மிஸ் கிளாக் என்று ஓர் அம்மாள். போகிற இடமெல்லாம் பக்திப் பிரசுரங்களைச் சோபா இடுக்கில் செருகிவைத்துவிட்டு வருகிறவர், மற்றவர்களின் பாவத்தைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு வரிக்கு வரி தன்னையே காட்டிக்கொடுத்துக்கொள்வார். நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தது அந்தப் பகுதியில்தான். ஐந்நூறு பக்கம் சொச்சம் என்று பயப்பட வேண்டாம், கதை சொல்கிறவர் மாறிக்கொண்டே இருப்பதால் அலுக்காது. இதை எழுதும்போது காலின்ஸுக்கு வாத நோய், வலிக்கு அபின் கலந்த மருந்து, நடுவில் தாயாரும் இறந்துபோனார். சில பகுதிகளைப் படுத்தபடியே சொல்லச்சொல்ல எழுதவைத்தார். நாவலிலும் அபின் வருகிறது. போதும், இதற்கு மேல் சொன்னால் உறுதிமொழி போய்விடும்.

நடுவில் வந்தவர்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். பிரான்சில் எமில் கபோரியோ 1866 வாக்கில் லெகாக் என்ற போலீஸ்காரரை உருவாக்கினார். காலடித் தடத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் வித்தை அவரிடம் அமர்க்களமாக இருக்கும், ஆனால் பாதிப் புத்தகத்தில் துப்பறிவதை நிறுத்திவிட்டு இருபது வருஷத்துக்கு முந்தைய குடும்பக் கதைக்குப் போய்விடுவார். அமெரிக்காவில் ஆன்னா கேத்தரின் கிரீன் 1878இல் எழுதிய 'லெவன்வொர்த் கேஸ்' நன்றாக விற்றது. மெல்போர்னில் ஃபெர்கஸ் ஹியூம் என்ற இளைஞர் என்ன புத்தகம் விற்கிறது என்று ஒரு புத்தகக் கடைக்காரரைக் கேட்டார், கபோரியோ என்று பதில் வந்தது, உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு 1886இல் 'ஹேன்சம் கேப் மர்மம்' எழுதிச் சொந்தச் செலவில் அச்சடித்தார். பிறகு உரிமையை 50 பவுண்டுக்கு விற்றுவிட்டார். அது லட்சக்கணக்கில் விற்றது, அவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஹோம்ஸை உருவாக்கிய கோனன் டாயிலுக்கு அதிலும் பாதி. 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பி, கடைசியில் முழு உரிமைக்கும் 25 பவுண்டு என்று ஒருவர் வாங்கி ஒரு கிறிஸ்துமஸ் மலரில் போட்டார். அதில் ஹோம்ஸ், துப்பானைத் தரக்குறைவான ஆள் என்கிறார், லெகாக்கை உருப்படாதவர் என்கிறார். பேச்சு அப்படி, ஆனால் புத்தகம் லெகாக் பாணியில் பாதியில் அமெரிக்கப் பாலைவனத்துக்குப் பழைய கதை சொல்லப் போய்விடுகிறது. துப்பானிடமிருந்து எடுத்தது அதைவிடப் பெரிது: சேர்ந்து குடியிருக்கும் நண்பன். டாயில் அவனுக்கு வாட்சன் என்று ஒரு பெயர் கொடுத்தார், டாக்டராக்கினார், ஆப்கன் போரில் காயம்பட்டவராக்கினார், கொஞ்சம் ரோஷமும் கொடுத்தார். 1891 ஜூலையில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த முதல் சிறுகதையில் பேக்கர் தெரு வீட்டில் எத்தனை படி என்று ஹோம்ஸ் கேட்கிறார். நூற்றுக்கணக்கான தடவை ஏறியிறங்கிய வாட்சனுக்குத் தெரியவில்லை. பதினேழு. படி எண்ணாத மனிதர் கதை சொல்கிறார், அதனால்தான் நமக்கும் எண்ணத் தோன்றுவதில்லை.

ஸ்ட்ராண்டில் டாயில் செய்த இன்னொரு வேலை வியாபார யோசனை. தொடர்கதையில் ஒரு வாரம் தவறவிட்டால் வாசகர் கழன்றுகொள்வார். அதனால் ஆள் அதே ஆள், கதை மட்டும் மாதாமாதம் புதிதாகத் தொடங்கி அந்த இதழிலேயே முடியட்டும் என்றார். நம் டிவியில் வாரம் ஒரு கேஸ் முடிக்கும் தொடர்கள்வரை இதுதான் ஓடுகிறது.

வாட்சன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாயிலே சோதனை செய்து காட்டியிருக்கிறார். 56 சிறுகதைகளில் இரண்டை ஹோம்ஸே சொல்கிறார். அதில் ஒன்று 1926இல் வந்த 'பிளாஞ்ச்டு சோல்ஜர்'. இரண்டும் சுமார்தான். அந்தக் கதையின் நடுவிலேயே ஹோம்ஸ் புலம்புகிறார்: நானே சொல்வதால் கையில் இருப்பதை முன்னாலேயே காட்ட வேண்டியிருக்கிறது, சங்கிலியில் ஒரு கண்ணியை மறைத்துவைத்துத்தான் வாட்சன் அந்தப் பகட்டான முடிவுகளையெல்லாம் வரவழைத்தார் என்று. அதே 1926இல் அகதா கிறிஸ்டி இந்த நண்பன் விஷயத்தில் ஒரு வேலை செய்தார். பெயரைச் சொன்னாலே பாதி அம்பலம், எப்படியும் ஒருநாள் உங்கள் கைக்கு வரும்.

தமிழில் எப்போது வந்தது என்று அடுத்து கேட்பீர்கள். பண்டித நடேச சாஸ்திரி 1894இலேயே தானவன் என்ற போலீஸ்காரரை வைத்து எழுதிவிட்டார். அப்புறம் ஆரணி குப்புசாமி முதலியார், துப்பறியும் கோவிந்தனைக் கொடுத்த ஜே.ஆர். ரங்கராஜு, திகம்பர சாமியாரைக் கொடுத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார். மேனாட்டுக் கதைகளிலிருந்து நிறைய எடுத்தார்கள், நம் ஊருக்குத் தகுந்தபடி வக்கீலையும் மைனரையும் கோயிலையும் போட்டார்கள். ஆனால் வாட்சனை மட்டும் பெரும்பாலும் எடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆசிரியரே எல்லாம் தெரிந்தவராக நம் பக்கம் திரும்பிப் பேசுவார். அதனால் 'யார் செய்தது' என்ற புதிர் குறைந்து, 'ஐயோ, அடுத்து என்ன' என்ற பதைப்பு கூடிவிட்டது. குறை என்று சொல்லவில்லை, அது தனி ருசி.

வரிசை கேட்டீர்களே: முதலில் களவுபோன கடிதம், அரைமணி நேரத்தில் முடியும். பிறகு ரூ மோர்க். பிறகு ஹோம்ஸின் முதல் பன்னிரண்டு சிறுகதைகள், நாவல்களை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரு நீண்ட விடுமுறைக்கு மூன்ஸ்டோன். எல்லாம் காப்புரிமை முடிந்தவை, ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் ஆங்கில மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப் புத்தகமாக வாங்கினால் மட்டும் பதிப்பாசிரியர் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். நூலகத்தில் பென்சில் வைத்திருந்த புண்ணியவானின் உறவுக்காரர்கள் பலர் முன்னுரை எழுதுகிறார்கள். திருடன் பெயர் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கும்.